கணவர் வேறிடத்தில் வசிக்கிறார்

மேல்கணக்கு,
தெனிகந்தைத் தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
12.02.2005

அன்புள்ள மச்சானுக்கு,

ஜீவராணி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைப் போன மாதமே கேட்டு எழுதினேன், பதில்தான் வந்தபாடில்லை. வத்தளையில் பேனை விற்பதில்லையோ என்னவோ.

இதைப் படித்ததும் உடனே பதில் போடுங்கள். விஷயம் அப்படி. நம் தோட்டத்துக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே அரசாங்கம் பாலம் கட்டப் போகிறது. பழைய தொங்கு பாலம் மாதிரி இல்லை, லொறி போகிற கொங்கிரீட் பாலம். அரசாங்கக் காசில் கட்டுவதால் கொந்தராத்துக்காரருக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களாம். கூலிக்கு எடுக்கிற ஆட்களில் பாதிப்பேர் சுற்றியுள்ள மூன்று கிராம சேவகர் பிரிவுகளில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். அதில் இருபது பேருக்குச் சம்பளமும் கொடுத்து, தொழிலும் பழக்கி, முடிவில் அரசாங்கச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான்.

இதை அறிவித்த கூட்டத்தில் மூக்கையா அண்ணன் எழும்பி, "சேர், எங்க லயத்து ஆளுகளும் இதுல சேர்த்தியா, இல்ல கிராமத்து நாட்டு ஆளுகளுக்கு மட்டுமா?" என்று கேட்டார். இஞ்சினியர், "தோட்டமும்தான்" என்றார். நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"ஊரில் வேலை இருந்தால் வந்துவிடுவேன்" என்று எட்டு வருஷமாகச் சொல்கிறீர்கள். வேலை இப்போது ஆற்றங்கரைக்கே வந்திருக்கிறது. அங்கே எட்டு வருஷம் கம்பி கட்டியும் சான்றிதழ் இல்லாததால் இன்னும் கூலியாகத்தானே வைத்திருக்கிறார்கள்? இங்கே அந்தத் தாளும் கிடைக்கும், வீட்டுச் சோறும் கிடைக்கும். விண்ணப்பம் எடுக்கும் கடைசி நாள் மார்ச் 15, செவ்வாய்க்கிழமை.

பதிலை நிஸார் நானாவின் ஹாட்வெயார் கடை விலாசத்துக்குப் போடுங்கள். தோட்ட விலாசத்துக்குப் போட்டால் ஆபீசில் கிடந்து, கிளாக்கருக்கு நினைவு வந்தால்தான் நம் கைக்கு வரும்.

இப்படிக்கு,
ஜீவராணி

வத்தளை
20.02.2005

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் கண்டேன். இரண்டு நாளாக வேலையில் புத்தி நிற்கவில்லை. ஐந்தாம் மாடியில் நின்று கம்பி கட்டும்போதும் அந்த ஆறுதான் கண்ணுக்குள் இருக்கிறது. வந்துவிடுகிறேன் ராணி, இந்த முறை நிச்சயம்.

ஒரு சிக்கல். போன வருஷம் அடையாள அட்டையில் விலாசத்தை வத்தளைக்கு மாற்றிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை, கோபிப்பாய் என்று. செக்பொயின்டில் தோட்ட விலாசத்தைப் பார்த்தால், "ஏன் வந்தாய், எங்கே தங்குகிறாய், யார் பொறுப்பு" என்று நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை அரைநாள் நின்றேன். அதற்குப் பயந்துதான் மாற்றினேன்.

அது வெறும் அட்டைதானே? கிராம சேவகர் ஜி.எஸ். மாத்தயா வீட்டுக்கு வந்து கேட்டால், நான் அங்கேதான் இருக்கிறேன், கடைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் யாரும் நம்புவார்கள். என் பெயரையே போடு. ஸ்லாப் வேலை நடக்கிறது, மார்ச் நடுவரைக்கும் லீவு கேட்க முடியாது.

தர்ஷிகாவுக்கு என் முத்தம்.

சுதாகரன்

தெனிகந்தை
06.03.2005

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்ன பொய்யைச் சொன்னேன். அழகாகவே சொன்னேன். ஜி.எஸ். மாத்தயா வாசலில் நின்று, "மகாத்தயா கோ?" என்று உங்களைத்தான் கேட்டார். "கடைக்கிப் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு" என்றேன். அவர் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்தார். நீங்கள் வரவில்லை. இரண்டாவது தேத்தண்ணியும் குடித்தார். தர்ஷிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "தாத்தா எங்க பிள்ளே?" என்று தமிழிலேயே கேட்டார். அவர்கள் பாஷையில் தாத்தா என்றால் அப்பா. பிள்ளைக்கு அது தெரியும். "கொழும்புலதான், தீவாளிக்கி வருவாரு" என்று சொல்லிவிட்டாள். மாத்தயா சிரித்துவிட்டார், எனக்கு மானம் போய்விட்டது.

தோட்ட ஆபீசுக்கும் போனேன். நீங்கள் இந்த லயத்தில் இருப்பவர் என்று ஒரு துண்டு எழுதித் தரக் கேட்டேன். செக்ரோல் பதிவில் வேலையாளாகப் பெயர் உள்ளவர்களுக்குத்தான் துரை கையெழுத்து வைப்பாராம். உங்கள் பெயரை வெட்டி எட்டு வருஷமாகிறது. அட்டை வத்தளை, செக்ரோலில் இல்லை, ஆளும் இல்லை. நான் எதை வைத்து உங்களை இந்த ஊர்க்காரர் என்று காட்டுவது?

மாத்தயா போகும்போது ஒன்று சொன்னார். "நங்கி, ஒங்க பேர் செக்ரோல்ல இருக்குதானே? பொம்பளைகளும் வேணும்னு சட்டத்துல இருக்கு. ஒங்க பேர எழுதுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை பெய்தால் ரப்பர்ப் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. இந்த மாதம் பாதி நாள் மழை. என் பெயரைப் போடவா? சனிக்கிழமைக்குள் நிஸார் நானா கடைக்குப் பதில் போடுங்கள்.

ஜீவராணி

வத்தளை
10.03.2005

ராணிக்கு,

உன் பெயரைப் போடாதே. 20ஆம் தேதி ஞாயிறு நானே வந்து ஜி.எஸ்ஸோடு பேசுகிறேன். ஐந்து நாள் பிந்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கம்பி உன் கைக்குச் சரிவராது. பொறு.

சுதாகரன்

தெனிகந்தை
26.03.2005

அன்புள்ள மச்சானுக்கு,

பத்தாம் தேதி நீங்கள் எழுதியது நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் பழக்கதோஷத்தில் தோட்ட விலாசத்தையே எழுதியிருக்கிறீர்கள். அது ஆபீஸ் ஜன்னலில் கிடந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிட்டுக் கொடுத்தார். நான் சொன்ன அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் நிஸார் நானா கடை வாசலில் நின்றேன். "தங்கச்சி, தபால்காரன் போயி ரெண்டு மணித்தியாலம் ஆச்சு, இனி வராது, வீட்டுக்குப் போங்க" என்று அவரே அனுப்பி வைத்தார்.

15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை என் பெயரைப் போட்டுவிட்டேன்.

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 20ஆம் தேதி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்தீர்களா? இல்லையே.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லிக் கேட்க வேண்டாம். கணவரின் அட்டை வேறு மாவட்டத்தில் இருந்தால் குடும்பமும் அங்கேதான் என்று தள்ளிவிடுவார்களாம். அதனால் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கீழே சிங்களத்தில் ஒரு வரி எழுதினார் மாத்தயா. கணவர் பிரிந்து வேறிடத்தில் வசிக்கிறார் என்று. வாசித்துத்தான் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன்.

கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள். திட்டுவதற்காவது வாருங்கள்.

ஜீவராணி

வத்தளை
08.04.2005

ஜீவராணிக்கு,

இங்கே போலீசில் பதியும்போது, "நீ எந்த ஊர்" என்று கேட்பார்கள். தெனிகந்தை என்று சொல்லுவேன். அட்டையில் என்ன இருந்தாலும் வாயால் அதைத்தான் சொல்லுவேன். இனி எதைச் சொல்வது? நான் அந்த வீட்டு ஆள் இல்லை என்று நீயே கையெழுத்து வைத்துவிட்டாய். ஒரு வேலைக்காக.

வருஷப் பிறப்புக்கு வரவில்லை. பிள்ளைக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக் கொடு.

சுதாகரன்

தெனிகந்தை
02.07.2005

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சட்டை அனுப்பிய பிறகு இது நான் போடும் நாலாவது கடிதம். முன்னைய மூன்றுக்கும் பதில் இல்லை. சட்டை அளவு சரியாகத்தான் இருந்தது, பிள்ளை வளர்ந்துவிட்டாள். அதுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

வேலையைப் பற்றி எழுதினால் எரிச்சல் வருமோ என்று மற்றக் கடிதங்களில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். என்னைக் கம்பி கட்டப் பழகத்தான் எடுத்தார்கள். முதல் கிழமை கம்பி முறுக்கும் குறட்டைப் பிடித்து மணிக்கட்டு வீங்கியது. பால் வெட்டுக் கத்தி பிடித்த கை, முறுக்கத் தெரியவில்லை. என்னோடு பழகும் சிங்களப் பையன்கள், "அக்கே, கம்பிக்கு ஏன் சடை பின்னுறீங்க?" என்று கேலி செய்தார்கள். இப்போது அவர்களுக்கு நான்தான் இடைவெளி அளந்து காட்டுகிறேன். வெயிலில் கம்பி சுடும்போதெல்லாம் உங்களை நினைப்பேன். எட்டு வருஷம் இதையா செய்தீர்கள்? தீபாவளிக்கு வந்து மூன்று நாள் படுத்தே கிடப்பீர்களே, சோம்பேறித்தனம் என்று ஏசுவேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது விஷயம். எங்கள் கம்பி வேலைக்குப் பொறுப்பான பாஸ் போன கிழமை வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. அது கூலிக்கும் பழகுகிறவர்களுக்கும் மட்டும்தான். சான்றிதழ்கூடக் கேட்கவில்லை, கை ஓடினால் போதும் என்கிறார் சுப்பர்வைசர். உங்களைப் பற்றிச் சொன்னேன். 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்து ஒரு தூணுக்குக் கட்டிக் காட்டச் சொன்னார்.

ஜி.எஸ். மாத்தயாவிடமும் கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டபடியால், நீங்கள் பிரிந்திருப்பதாக எழுதிய அந்த வரியை இனி வெட்டலாமாம், என் இடம் போகாதாம். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும். தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வாருங்கள் மச்சான். எனக்கு இப்படி இருக்க முடியவில்லை.

ஜீவராணி

வத்தளை
18.07.2005

அன்புள்ள ராணிக்கு,

நான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி போல் பாலத்தடிக்கு மேலே மேட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் நின்றேன். மேலே இருந்து எல்லாம் தெரிந்தது. நீ மஞ்சள் தொப்பி போட்டு, சேட்டு மாட்டிக்கொண்டு தூண் கம்பி மேல் நின்றாய். முதலில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன்னைச் சுற்றி நாலு பையன்கள். நீ என்னவோ சொன்னாய், அவர்கள் சிரித்தார்கள், நீயும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். கலியாணம் முடித்த இத்தனை வருஷத்தில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ கம்பி கட்டியதையும் பார்த்தேன். நல்ல கட்டு. கம்பி உன் கைக்குச் சரிவராது என்று எழுதியது என் பிழை.

நான் இறங்கி வந்தால் உனக்கு மேலே பாஸாக நிற்க வேண்டும். உடனே நீ போட்டிருக்கும் சேட்டை இழுத்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, பழைய ராணியாகிவிடுவாய் என்று நினைத்தேன். அடுத்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மாத்தயா எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். அவர் ஒன்றும் பிழையாக எழுதவில்லை. உன் மேல் கோபம் இல்லை, இது சத்தியம். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையை மட்டும் அனுப்பு.

சுதாகரன்

தெனிகந்தை
22.07.2005

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை சைட்டிலேயே வாசித்தேன். வாசித்துவிட்டுக் குறட்டைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டேன். சுப்பர்வைசர் புதிது ஒன்று கொடுத்திருக்கிறார்.

வத்தளையிலிருந்து இவ்வளவு தூரம் வரத் தெரிந்த மனிதருக்கு, அந்த மேட்டிலிருந்து இறங்கி வரத் தெரியவில்லையா? அன்றைக்கு விடியவே எழும்பிக் கோழி அடித்துச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். கடைசி பஸ் போன பிறகுதான் உள்ளே வந்தாள். "அப்பாவுக்கு லீவு கெடைக்கலையோ என்னமோ" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், போய்விட்டீர்கள் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? சொல்ல மாட்டேன்.

பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டேன். 31ஆம் தேதி ஞாயிறு முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். தாளும் கையில் இருக்கும். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், தபாலில் வேண்டாம். பாஸ் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. எடுத்துவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நான் கேட்பது பாஸை இல்லை.

நான் சிரித்ததைப் பார்த்துத்தானே திரும்பிப் போனீர்கள்? எதற்குச் சிரித்தேன் என்று அந்த நாலு பேரில் ஒருவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நெட்டைப் பையன், "புது பாஸ் எப்படிப்பட்டவர் அக்கே, ஏசுவாரா?" என்று கேட்டான். "எங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்குந்தான் ஒங்க ஆட்டமெல்லாம். அவரு கட்டுறதப் பார்த்தா, நீங்க கட்டுனத எல்லாம் நீங்களே அவுத்துருவீங்க. இன்னைக்கி வந்துருவாரு, பாருங்க" என்று நம் தமிழையும் அவர்கள் பாஷையையும் கலந்து அடித்துவிட்டேன். அதற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

நான் சிரித்தது, நீங்கள் வருகிறீர்கள் என்று.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஜீவராணி