கைப்பிடி இல்லாத கட்டில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் வழக்கம்போலத் திறப்பதில்லை. எனக்கு இரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, காரணம் உப்பு என்கிறார் டாக்டர், உன் பெரியப்பா என்கிறேன் நான். பெரியப்பா ஏன் என் போனை எடுப்பதில்லை என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

பெரியம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டில் உனக்கு நினைவிருக்கும், கால்மாட்டில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல உயருமே, அதுதான். பெரியம்மா போன பிறகு முன்னறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைச் சபைக்குக் கொடுக்கிறேன், தேவைப்படுகிற நோயாளி வைத்துக்கொள்ளட்டும் என்று போதகரிடம் சொன்னார். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது. ஆனால் உன் பெரியப்பா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டுமே. ஆராதனையில் அறிவிப்பு, கட்டிலோடு நின்று போட்டோ, அப்புறம் ஒரு பித்தளைத் தகடு. அதில் அவர் பெயர் கொட்டை எழுத்தில், யாருடைய நினைவாகக் கொடுத்தாரோ அந்தப் பெரியம்மா பெயர் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். தகட்டை எங்கே அடித்தார் தெரியுமா, கைப்பிடியை மாட்டுகிற துளைக்கு நேர் மேலே. தகடு இருந்தது, துளை இருந்தது, கைப்பிடியைத்தான் காணோம்.

கட்டில் போனது நம் எதிர்வீட்டுத் தையல்காரருக்கு. உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்தவர். இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையை நன்றாக உயர்த்தித்தான் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்திலேயே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லை அடுக்கிப் பார்த்தாள், மனிதர் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுகிறார். போதகர் போய்க் கேட்டதற்குப் பெரியப்பா, "வெள்ளையடிக்கும்போது எங்கயோ தொலைஞ்சு போச்சு ஐயா, தேடாத இடமில்ல" என்றாராம். போதகரும் நம்பிவிட்டு வேறு கைப்பிடிக்குக் கடை கடையாக விசாரித்தார், அந்த மாதிரிக் கட்டில் இப்போது வருவதே இல்லையாம்.

இதற்கு நடுவில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கம்பியை முட்டுக் கொடுத்திருந்தார். பார்க்கிறேன், அதே கைப்பிடி. யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்குப் பிணங்குவானா என்பார்கள், இவர் பிணங்கவுமில்லை, சத்தமில்லாமல் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். என்ன அத்தான் இது என்றேன். துளியும் கூசாமல், "கட்டில் குடுக்கிறேன்னுதானே சொன்னேன், கைப்பிடி குடுக்கிறேன்னு சொன்னேனா? அதையும் குடுத்துட்டா கட்டில் எனக்குத் திரும்பி வருமா? நாளைக்கு நான் விழுந்தா யார் பார்ப்பா?" என்றார். தனியாக இருக்கிற மனிதர், கடைசிக் கேள்வி என்னைக் கொஞ்சம் அசைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக இன்னொருத்தன் மூச்சைப் பிடித்துவைப்பதா? நானே அதை உருவி எடுத்து வந்திருக்கலாம், பையில் இடமும் இருந்தது. திருடிக் கொடுத்தால் அது யாருடைய தர்மம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றேன். சூப்பைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்று மாலையே நீ போன் செய்தாய். நான் கைப்பிடியைக் கண்டுபிடித்ததைப் பெரியப்பா அதற்குள் உனக்குச் சொல்லியிருக்கிறார், பார். "அம்மா, நாங்க திரும்பி வந்தா மாடிப் போர்ஷனைத் தர்றேன்னு சொல்லியிருக்கார், இந்த நேரத்துல அவரைப் பகைச்சுக்காதீங்க, தொலைஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாய். தொலைந்ததாகவே இருக்கட்டுமாம்! உன்னை ஞாயிறு பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன என்னைத்தான் சொல்ல வேண்டும். அப்பாவும் உன் கட்சிதான், உனக்கேன் வம்பு என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஞாயிறு வந்தது, கைப்பிடி வரவில்லை. ஆண்டவர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லுகிற நேரத்தில் பெரியப்பா எழுந்து, எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுக்கும் மனதை ஆண்டவர் தந்தார் என்று கண்ணைத் துடைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்பா கையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்தேன். "அத்தான், உங்க சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் குடுத்திருக்கிற கைப்பிடியையும் சொல்லிடுங்க. அது இல்லாம அங்க ஒருத்தர் மூச்சு விட முடியாம கிடக்கிறார்" என்றேன். வேதத்தில் வருமே, அப்போஸ்தலர் காலத்தில் நிலம் விற்ற பணத்தில் பாதியை ஒளித்துவிட்டு முழுவதும் கொடுத்தோம் என்ற புருஷனும் பெண்சாதியும் அதே இடத்தில் விழுந்து செத்தார்கள். உன் பெரியப்பா விழவில்லை, பயப்படாதே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் கைப்பிடியைச் செய்தித்தாளில் சுற்றி நம் வாசலில் போட்டுவிட்டு, மாடியை வேறு ஆளுக்கு விட்டாச்சு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு ஓடினேன். தையல்காரர் மனைவி மாட்டிச் சுற்றினாள், தலைப்பக்கம் கிறீச்சிட்டுக்கொண்டே உயர்ந்தது, சாய்ந்த வாக்கில் மனிதர் குழந்தைபோல் தூங்கினார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இரண்டு நாள் நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன். மூன்றாம் நாள் உன் பார்சல் வந்தது, சபையின் ஏழைகளுக்கு என்று மேலே உன் பெயரோடு. தையல்காரருக்கு மாற்றுச் சட்டை இல்லையே, முதலில் அவருக்கு இரண்டு கொடுப்போம் என்று பெருமையாக அவர் கட்டில்மேல் வைத்தே பிரித்தேன். அத்தனையும் நல்ல சட்டைகள். ஒன்றிலாவது ஒரு பட்டன் வேண்டுமே! உதிர்ந்தாலும் பரவாயில்லை, எல்லாம் கத்தரித்து எடுத்தது, நூல் மிச்சம் மட்டும் வரிசையாக நிற்கிறது. மருமகள்மேல் பழி போடாதே, அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து பட்டன் டப்பா வைத்திருப்பவன் நீதான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தையல்காரர் ஒரு சட்டையைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார், இப்போதுதான் சிரிக்க மூச்சு இருக்கிறதே. "தம்பிக்குப் பெரியப்பா ஜாடை அப்படியே இருக்குதும்மா" என்றார்.

மாடி போனதற்காக என்னோடு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். திரும்பி வந்தால் நம் இரண்டு அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்வோம். ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், அந்தக் கையை முழுவதும் திறக்கவும் பழக்கட்டும். மருமகளுக்கு என் முத்தங்கள். மறக்காமல் அந்த டப்பாவை அனுப்பு. பொறுக்கி எடுக்காதே, டப்பாவோடு அனுப்பு. தையல்காரர் சாய்ந்து உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இன்னும் உனக்காக வெட்கப்படத் தெரிந்த
உன் அம்மா