நான் அமுக்காத எழுத்து

என் தாயே, புஷ்பா,

இதை எழுதுவது நான்தான். நான் சொல்ல வேறு யாரோ எழுதவில்லை. பேனாவைப் பிடித்திருப்பது உன் மாமனார் சின்னப்பனின் கை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆறட்டும். எழுபது தாண்டி எழுத்து வந்தவனுக்கு என்ன அவசரம்?

போன வருஷம் மாதா கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு மத்தியான வகுப்பு தொடங்கினார்கள். வெட்கத்தை விட்டுப் போய் உட்கார்ந்தேன். இப்போது ரயிலில் வந்தால் ‘சிங்கப்பெருமாள் கோயில்’ என்று பலகையில் முழுப் பெயரையும் வாசித்துவிட்டுத்தான் இறங்குகிறேன். முதல் தடவை அதை ஒரே மூச்சில் வாசித்தபோது பிளாட்பாரத்தில் தனியாக நின்று சிரித்தேன். வழியில் வருகிற பொத்தேரி ஸ்டேஷனை வாசிப்பதில் அவ்வளவு சுகமில்லை, சின்னப் பெயர். ஏ, பி, சி, டி கூடக் கற்றுக்கொண்டேன். மாத்திரை அட்டையை, சோப்பு உறையை, பிஸ்கட் பொட்டலத்தை எல்லாம் வாசிக்கிறேன். கண்ணில் பட்டது எதையும் விடுவதில்லை.

வகுப்பு மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். மற்றவர்கள் தேர்த்திருவிழா பற்றி எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

அப்போது எனக்கு எழுத்து தெரியாது, புஷ்பா. உன் கல்யாணத்தின்போதும் தெரியாது. உங்கள் தூத்துக்குடி வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். பெண் கம்ப்யூட்டர் படிப்பு. சம்பந்தம் பேசின தரகர் பார்த்தார், ‘மாப்பிள்ளையோட அப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவருங்க’ என்று சபையில் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன். வாழ்நாள் முழுக்கப் பிறர் வயலில் நாற்று நட்டவன் எந்த எட்டாவதைக் கண்டேன்? நீ வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே என் மகன் லூர்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “நைனா, பேப்பரைக் கையில வச்சிகினு குந்திக்க. வேற ஒண்ணும் வேணாம்” என்றான்.

அப்படியே செய்தேன். தினம் அரை மணி நேரம் பேப்பரைப் பிடித்திருப்பேன். படத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்புவேன். நீ காபி கொண்டுவந்து, “என்ன மாமா போட்டிருக்கான்?” என்பாய். “வெலவாசி ஏறிப்போச்சும்மா” என்பேன். அது என்றைக்கும் பொய்யானதில்லை.

கல்யாணத்துக்கு மறு வருஷம் உன் கம்பெனி உன்னிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தது. கடல் அலையை அளக்கிற ஒரு பெட்டியைச் செய்திருந்தீர்கள். மறுநாள் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வெளியூர்க்காரர்களுக்கு அதைக் காட்ட வேண்டும். நல்லபடி நடந்தால் கரையோர வேலை முழுவதும் உன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். அன்று நீ ஆபீஸ் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அந்த லேப்டாப்பைத் தயார் செய்தாய்.

நான் கேட்டதற்கு நீ பொறுமையாகச் சொன்னாய். லேப்டாப்பின் விலாவில் தட்டையாக ஒரு வாய் இருந்தது. அதில் ஒரு கார்டைச் செருகினால்தான் அலைப்பெட்டியின் ஒயரை அதில் மாட்ட முடியும். ஆனால் சும்மா செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. “உள்ளுக்குள்ள கர்னல்னு ஒண்ணு இருக்கு மாமா. எல்லாத்தையும் ஆட்டிவைக்கது அதுதான். இப்பிடி ஒரு கார்டு வரும், வந்தா சேத்துக்கோன்னு முன்னாடியே அதுக்குள்ள சொல்லி வைக்கணும். சொல்லி வச்சாச்சுன்னா, செருகின உடனே ரெண்டு தடவை கூவும்.”

அந்தச் சொல்லி வைப்பதுதான் பெரிய வேலை. எது வேண்டும், எது வேண்டாம் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். நூற்றுக்கணக்கான கேள்விகள். ஒன்றைத் தாண்டிவிட்டால் முந்தினதுக்குத் திரும்ப முடியாது. கார்டு வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று போய்விட்டால், அதைச் சேர்ந்த மற்ற கேள்விகளைக் கேட்கவே கேட்காது. எல்லாம் முடிந்த பிறகு கர்னலைக் கட்டி எடுக்க நாலு மணி நேரம் ஓட வேண்டும். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து லேப்டாப்பை எடுத்துக்கொள்ளும். கார்டோ மேலதிகாரியிடம் இருந்தது. அவர் அதை நேராக ஹோட்டலுக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. வீட்டில் செருகிப் பார்க்க வழியில்லை.

பாதிக் கேள்வியில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எப்போதும் நான்தான் குடத்தைத் தூக்குவேன். அன்றைக்கு எனக்குக் கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது. நீ துண்டுச் சீட்டில் அந்தக் கார்டின் பெயரை ஆறு இங்கிலீஷ் எழுத்தில் எழுதி என் கையில் கொடுத்தாய்.

“மாமா, தண்ணி நின்னா ரெண்டு நாளைக்கு வராது. நான் போயிட்டு வாரேன். நீங்க என்டர அமுக்கிட்டே இருங்க. இந்த எழுத்து வந்தா மட்டும், என்டர் போட்டா வேண்டாம்னு எடுத்துக்கும், அதனால இதை அமுக்குங்க, இந்தா, கவட்டை மாதிரி இருக்கே, வொய். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் எட்டாவது படித்தவனாகவே இருந்துவிட்டேன்.

நீ போனதும் சீட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. என் கண்ணுக்கு எல்லாம் அந்த ஆறு எழுத்தாகத் தெரிந்தது. அடுத்த பார்வையில் எதுவுமே அதுவாகத் தெரியவில்லை. குழாயடியில் வழக்கம்போலச் சண்டை. அதற்கு மேல் உன் குரல் கேட்டது. “மாமா, ஓடுதா?”

“ஓடிக்கினு கீதும்மா!”

சொன்னதற்காகவாவது ஓட வேண்டுமே என்று விரலை என்டரில் வைத்தவன் எடுக்கவில்லை. வரிகள் மழைபோலக் கொட்டி மேலே போயின. பிறகு நின்றன. நீ இடுப்பில் குடத்தோடு ஈரச் சேலையோடு வந்தாய்.

“முடிஞ்சிட்டா? அதுக்குள்ளயா? கார்டு கேள்விக்கு வொய் குடுத்தீங்களா மாமா?”

“குடுத்தேம்மா.”

இதுதான் நான் செய்தது. படிக்கத் தெரியாதது என் குற்றமில்லை என்று டீச்சர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் ‘குடுத்தேம்மா’ என்றது என் வாய்தானே? நீ மறுபடி பார்க்கவில்லை. என்னை நம்பி அப்படியே கட்ட ஓடவிட்டாய்.

மறுநாள் லூர்துக்கு அவன் கம்பெனியில் ஷிஃப்ட். நொண்டிக்கொண்டு நான் உனக்குத் துணையாக வந்தேன். ஹோட்டல் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மேலதிகாரி கார்டைக் கொடுத்தார். நீ செருகினாய்.

கூவவில்லை.

எடுத்து மறுபடி செருகினாய். அலைச் சத்தம்தான் கேட்டது. யாரோ இருமினார்கள். நீ குனிந்து எதையோ தட்டித் தேடினாய். பிறகு நிமிர்ந்தாய். “இந்தக் கார்டு வேண்டாம்னு பதில் போயிருக்கு சார். அதனால கர்னலுக்கு இது தெரியல. திரும்பக் கட்ட நாலு மணி நேரம் ஆகும்.”

“பதில் போயிருக்குன்னா? யார் போட்டது?” என்றார் அவர். “ஒரு வொய் போட மறந்துட்டு வந்து, இத்தனை பேர் முன்னாடி நிக்கிறீங்களேம்மா!”

“நான்தான் சார். என் தப்புதான்.”

கதவோரம் நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ? இத்தனை வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. கை எழுத மாட்டேன் என்கிறது.

திரும்பும்போது பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு, “கால் வலிக்கா மாமா?” என்று மட்டும் கேட்டாய்.

அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். உன்னை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். இரண்டு மாதத்தில் நீயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். லூர்து சும்மா இருந்தானா? “ஒரு கேள்விக்கு ஒயுங்கா பதில் போடத் தெரில, இதுல பெரிய படிப்பு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். நீ அடுப்பைப் பார்த்தபடி இருந்தாய். நான் பேப்பரைப் பிடித்தபடி இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் காலையில் என் கையிலிருந்து பேப்பரை வாங்கினாய். “கண்ணாடிய மாத்தணும் மாமா நீங்க. அதுவரைக்கும் நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க.” கண்ணாடியை நான் மாற்றவில்லை. நீயும் அதை மறுபடி கேட்கவில்லை. ஆக்னஸ் வயிற்றில் இருந்தபோதும், பிறந்து உன் மடியில் கிடந்தபோதும், தினம் எனக்கு வாசித்தாய். விலைவாசியைத் தவிர உலகத்தில் எவ்வளவோ நடப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மாடி, உனக்குத் தெரிந்திருந்ததா? என்றிலிருந்து தெரியும்? அந்தக் கூடத்தில் நிற்கும்போதேவா? தெரிந்துமா ‘நான்தான் சார்’ என்றாய்? காமாலை கண்டு, நீ கண்மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் பக்கத்தில்தான் இருந்தேன். கேட்கவில்லை. ‘தெரியும் மாமா’ என்று நீ சொல்லிவிடுவாய் என்ற பயம்.

ஆக்னஸுக்கு ஒன்பது வயசு. உன் நெற்றி, உன் நிதானம். போன மாதம் கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்தாள். லூர்து விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “அப்டியே உங்கம்மா” என்றான். பிள்ளை என்னிடம் வந்தாள். “தாத்தா, எங்கம்மா இன்னா தப்பு பண்ணாங்க?”

“உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்” என்றேன். சொன்ன பிறகு அன்றைக்கு வகுப்பில் எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லூர்துவிடம் சொன்னேன். குழாய், சீட்டு, என்டர், பொய், எல்லாம். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான்.

“அவள நான் அவ்ளோ பேசுனப்போ நீ இங்கதான குந்திகினு இருந்த?”

“ஆமாண்டா.”

“கேட்டுகினுதான இருந்த?”

“கேட்டுகினுதான் இருந்தேன்.”

“எங்கிட்ட இப்ப சொல்லி? அவகிட்ட சொன்னியா நைனா?”

கழற்றின சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நாலு நாளாக என்னோடு பேசவில்லை. நீ வாங்கின பேச்சுக்கு இது எம்மாத்திரம்?

உன் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். ‘குடுத்தேம்மா’ என்ற இடம் வரும். தாண்டிப் போக மாட்டேன். உங்கம்மா செய்த தப்பு ஒன்றும் இல்லை, தாத்தா செய்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிட எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

அப்பனாக நின்று பேச வேண்டிய இடத்தில் வாய்மூடி நின்ற
உன் மாமா,
சின்னப்பன்