கப்பலில் அன்று என் ஷிப்ட்

பரண் மேலிருந்து பயணப் பையை இறக்கி ஜிப்பைத் திறந்ததும் இஞ்சி மரப்பா வாசனை குப்பென்று வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வாங்கி என் பையில் திணித்தது. பையின் ஓரத்து உறையில் கசிந்து, காகிதத்தோடு ஒட்டி, கறுத்துப்போய்க் கிடந்தது. சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. போன பிறகும் எனக்கு வேலை வைக்கிறாயே என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் சுரண்டினேன்.

மே மாதம் மறுபடியும் கப்பலுக்குப் போகிறோம். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு, அங்கேயே வந்து இறங்குகிற அதே பயணம்தான். நான், என் மனைவி, மகன் அருண். இந்த முறை உன் மகள் யாழினியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அதை நாளைக்குச் செய்யப் போகிறேன். கடைசி நேரத்தில் நழுவிவிடக் கூடாது என்றுதான் இன்றைக்கே உனக்கு எழுதி வைக்கிறேன்.

நம் சிநேகிதத்தைப் பற்றி யாராவது கேட்டால் விளக்க எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷம் ஒரே மெஷினில் வேலை பார்த்தோம். ஒரு நாள்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை. சுரங்கத்தில் மண் வெட்டும் அந்தப் பெரிய சக்கர மெஷினிலிருந்து நான் இறங்கினால் நீ ஏறுவாய். எந்த ஷிப்டானாலும் எனக்கு அடுத்தவன் நீதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்வோம். அருண் பிறந்ததை நான் சொன்னதும், யாழினி பிறந்ததை நீ சொன்னதும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான். நான் திருநெல்வேலிக்காரன், நீ குறிஞ்சிப்பாடிப் பக்கம். என் இழுவையை நீயும், உன் 'வந்துகினு, போயிகினு'வை நானும் கிண்டல் செய்ததும் அதற்குள்தான்.

மெஷினை ஒப்படைக்கிற விஷயத்தில் நீ சரியான பிடிவாதக்காரன். மற்றவர்கள் கேபின் கதவருகே நின்று ஒரு கையை ஆட்டுவார்கள். உட்கார்ந்திருப்பவன் எழுந்து போய்விடுவான். உன்னிடம் அது நடக்காது. சத்தத்துக்கு நடுவே என் காதோரம் குனிந்து, "எடுத்துக்கினேன், எறங்கு" என்று நீ சொன்ன பிறகுதான் நான் அசையலாம். அதற்கு முன்னால் பாதி எழுந்தாலும் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பாய். "கையக் காட்றதுலாம் செல்லாதுய்யா. வாயால சொல்லணும்" என்பாய். பசி நேரத்தில் எனக்கு எரிச்சலாக வரும்.

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு நீ வரவில்லை. நான் இருக்கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டேகால் ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. உன்னை என்னென்ன வார்த்தையிலோ திட்டினேன். அதையெல்லாம் எழுத முடியாது. கடைசியில் போர்மேன் வேறொரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்றாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நீ இல்லவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, கப்பலுக்கு வருகிறேன். எங்கள் ப்ளாக்கில் யார் பிள்ளைகளோடு கப்பலுக்குக் கிளம்பினாலும் இப்போது என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். நானும் பெரிய மாலுமி மாதிரி எடுத்துவிடுகிறேன். எல்லாம் நீ பத்துப் பேரிடம் விசாரித்துச் சேர்த்த சரக்குதான். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்கள். அதனால் பிள்ளைகளின் மருந்து, மாற்றுத் துணி, கப்பலின் நீச்சல் குளத்தில் இறங்குகிற உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்து அழுவார்கள். அடையாள அட்டை அசலாக வேண்டும். வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, வயிறு புரளுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் பிள்ளைக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. ஒரு சின்ன விளக்கு கொண்டு போங்கள். கரை மறைந்ததும் போனில் டவர் போய்விடும். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

குளத்தைப் பற்றிக் கேட்டால்தான் என் குரல் மாறிவிடும். பெரியவர்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் ஒருத்தர்கூடப் பிள்ளையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம், ஒரு நேரத்துக்கு ஒரே ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள், ஆள் மாறும்போது வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். அனுபவமா சார் என்று கேட்பார்கள். கூட வந்த நண்பர் ஒருத்தர் கொஞ்சம் அசந்துவிட்டார் என்று சொல்வேன்.

நாலு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ போன பிறகும் சொன்னேன். நானெல்லாம் என்ன மனுஷன்.

உனக்குத் தெரியாததா? இருந்தாலும் ஒரு தடவை என் கையால் எழுதிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லீவு வாங்கியது அந்த ஒரு முறைதான். கப்பலில் ஏறிய முதல் நாளே நீ ஏற்பாடு சொல்லிவிட்டாய்: "பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒக்காந்து நிம்மதியா கடல பாக்கட்டும். புள்ளைங்கள நாம ஷிப்ட் போட்டுப் பாத்துக்கலாம்." ஆளுக்கு இரண்டு மணி நேரம். பொறுப்பில் இருப்பவன் போனைத் தொடக் கூடாது, சாப்பாட்டு வரிசைக்குப் போகக் கூடாது.

இரண்டாம் நாள் குளத்தருகே பன்னிரண்டு மணி வரை என் முறை. யாழினிக்கு அப்போது ஆறு வயசு, அருணுக்கு எட்டு. பன்னிரண்டு அடிக்கும்போது நீ லிப்டிலிருந்து வெளியே வந்தாய். நான் கையைத் தூக்கினேன். நீயும் தூக்கினாய். நான் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்துவிட்டேன். பசித்தது, பிரியாணி வாசனை வந்தது. வேறு சமாதானம் என்னிடம் இல்லை. துண்டு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்பதற்காக நீ கையைக் காட்டியிருக்கிறாய். வரிசையில் நின்று துண்டு வாங்கினாய். நீ வந்து காதில் சொல்லாதவரை நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அத்தனை வருஷமாக நம்பியவன் நீ.

கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். சட்டை, பேன்ட், கடிகாரத்தோடு நீ குளத்துக்குள் இருந்தாய். மார்பளவு தண்ணீர்தான். மூச்சைப் பிடித்து முங்கி முங்கித் தரையைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாய். அருண் மேலே நின்று அழுதான். யாழினியைக் காணோம். தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. இருபது நிமிஷம் தேடினோம். மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே கடலைப் பார்த்தேன்.

அவள் எங்கேயும் விழவில்லை. பாத்ரூம் போக வேண்டுமென்று தானாகவே அறைக்குக் கிளம்பியிருக்கிறாள். நம் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு வீடு கண்டுபிடிக்க ஒரு வழிதான் தெரியும். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி இருப்பதால் தெருவில் திரும்பி எத்தனையாவது வாசல் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். லிப்டில் ஒரு தளம் முன்னாலேயே இறங்கி, இடப்பக்கம் ஏழாவது கதவு என்று சரியாக எண்ணி, யாரோ ஒருவருடைய அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வந்து திறப்பாள் என்று காத்திருந்தாளாம். அழக்கூட இல்லை. ஒரு பணிப்பெண் அவளைக் கூட்டிக்கொண்டு தளம் தளமாக வந்தபோது, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த தன் அம்மாவை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

நாம் இரண்டு பேரும் ஓடிப்போய் உன் மனைவி வசந்தா முன்னால் நின்றோம். உன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரு பாத்துக்கினு இருந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். என் ஷிப்ட்டுதான்" என்று நீ சொல்லிவிட்டாய்.

"புள்ளய வுட்டுட்டு நீ குளிச்சிக்கினு இருந்தியா?" என்றாள்.

ஆமாம் என்று நீ தலையை ஆட்டினாய். கூடவே என் காலை மிதித்தாய். நீ மிதித்ததால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். என் மனைவி பக்கத்தில் இருந்தாள், எனக்குப் பயமாக இருந்தது, நீ சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதுதான் நிஜம்.

ஊர் திரும்பிய பிறகு மெஷினில் வைத்துக் கேட்டேன், ஏன்யா அப்படிச் சொன்னாய் என்று. "எம்பொண்டாட்டி என்ன திட்னா ரெண்டு நாள்ல மறந்துடுவா. உன்ன திட்னா ரெண்டு வூட்டுக்கும் பேச்சே இல்லாம பூடும்" என்றாய். ஆனால் அவள் மறக்கவில்லை. கடலூர் சில்வர் பீச்சுக்கு யாழினியைக் கூட்டிப் போகிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்றாள். பைக்கில் முன்னால் உட்கார வைத்து ரவுண்டானா வரை போகக்கூட விடவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன், நீ பரவால்ல வுடு என்றாய், நானும் சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவர்கள் இப்போது மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். வசந்தா ஜாக்கெட் தைக்கிறாள். போன வாரம் யாழினியைக் கப்பலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போனேன். "உங்கள நம்பி அனுப்புறேண்ணே. அவரு இருந்து கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். சொன்னால் பிள்ளையை அனுப்ப மாட்டாள். நீ பயந்த மாதிரி இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப் போகலாம். போகட்டும். அப்பா தன்னைத் தொலைத்துவிட்டார் என்ற நினைப்போடு அந்தப் பெண் கப்பல் ஏறக் கூடாது. இந்த விஷயத்தில் இனி உன் பேச்சையும் நான் கேட்பதாக இல்லை.

ஞாயிறு, மத்தியானம்.

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். வசந்தா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் கையைத் தூக்கியதிலிருந்து நீ என் காலை மிதித்தது வரை ஒன்றையும் விடவில்லை. ஊசிக்கு அடியிலிருந்து துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் பேசுவது போலவே இல்லாமல் பேசினாள்.

"ஆத்துல முட்டிக்கு மேல எறங்க மாட்டாரு. தண்ணின்னா அவ்ளோ பயம். அந்த மனுஷன் குளிச்சிக்கினு இருந்தாருன்னு நான் எப்டி நம்புனேன்?"

எழுந்து போங்கண்ணே என்றாள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். அது அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தேன்.

வாசல் கேட்டருகே யாழினி நின்றிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் கேட்டிருக்கிறாள். மூக்கு உன் மூக்கு, முறைப்பு அவள் அம்மா முறைப்பு.

"மாமா, அப்ப எங்கப்பா என்ன தொலைக்கலயா?"

இல்லம்மா, நான்தான் தொலைச்சேன், உங்கப்பா தண்ணிக்குள்ள இறங்கித் தேடினான் என்றேன். அவள் அழவில்லை. கேட்டின் கொண்டியைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தாள்.

"எங்கப்பா என்ன கப்பல்ல தொலைச்சிட்டாருன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி சிரிச்சிருக்கேன். நாளைக்குப் போயி ஒவ்வொருத்தர்கிட்டயா மாத்திச் சொல்லணும்" என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பும்போது ஜன்னலிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. கப்பலுக்குத் தானும் வருவதாகவும், இனி பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவள் முகத்தைக் காட்டவில்லை. என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இப்போதைக்கு இல்லை.

ஆனால் யாழினி சொன்னதை நானும் செய்யப் போகிறேன். பத்து வயசுப் பெண்ணால் முடியும் என்றால் எனக்கு என்ன கேடு? நண்பர் அசந்துவிட்டார் என்று நான் கதை விட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் போய், அசந்தது நான், நண்பன் தேடியவன் என்று சொல்லப் போகிறேன். ஆறு வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீதியைக் கேட்டுக் கண்டுபிடிப்பேன்.

முதல் வீடு இதுதான். என் மனைவிக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. அவள் சமையலறையில் இருக்கிறாள். பேனாவை மூடிவிட்டு எழுந்து போகிறேன்.