சலவைக்கடையில் கரைந்த பொட்டலம்

அன்பு மகனே,

நான் நலம். வாஷிங் மெஷின்தான் நலமில்லை. போனில் பேசினால் நீ இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று மாமா பயமுறுத்தியதால் எழுதுகிறேன்.

சோப்புத்தூள் டப்பாவில் நீ ஒளித்து வைத்த வெள்ளைப் பொடியை, ஆஸ்பத்திரி விரிப்புகளோடு மெஷினில் கொட்டிவிட்டேன். நுரையே வரவில்லை. மட்டமான தூள் என்று மளிகைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், மன்னிப்புக் கேட்டு வேறு டப்பா கொடுத்தார்.

மறுநாள் காலை உன் கூட்டாளி பிளேடு வந்து, "ஆன்ட்டி, அவன் ஒரு பொட்டலம் வச்சிருந்தானே?" என்று இழுத்தான். சொன்னேன். "மொத்தமும் கரைஞ்சிடுச்சா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரத் துண்டாலேயே விளாசினேன். இடுப்பில் கத்தி வைத்திருப்பவன், "மூக்குக்கண்ணாடி உடைஞ்சிடும் ஆன்ட்டி" என்று முகத்தை மூடிக்கொண்டான்.

அதற்குள் தெருமுனையில் பைக் சத்தம். அவனை ஏவுகிற கும்பல் அண்ணன்மார். பையன் ஒளிய இடம் தேடினான். அழுக்குத்துணிக் கூடைக்குள் தள்ளி மூடினேன். வந்தவர்களில் ஒருவன் கூடையில் கை வைத்தான். "சிரங்கு வார்டு துணி தம்பி, பார்த்துத் தொடுங்க" என்றேன். துள்ளி விலகினான். கோபத்துக்கு மெஷின் கதவை இரும்புக்கம்பியால் நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்த பிளேடு உடம்பெல்லாம் சொறிந்தான். சும்மா சொன்னேன் என்றாலும் நம்பாமல் இரண்டு தடவை குளித்தான். பிறகு அழுதான். டீக்கடைக்காரர் மகனின் விரல்களை வெட்டியவர்கள் இவர்கள்தானாம். பொட்டலத்தில் எடை குறைந்ததற்காக. அந்தப் பையன் திமிறாதபடி பிளேடுதான் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தானாம். அடுத்த பெயர் உன்னுடையது என்றான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் அவனேதான். கத்தியை நான் பிடுங்கிக்கொண்டேன். நீ அவனை அடிக்காதே, அடித்தாகிவிட்டது. மாமாவின் பட்டறையில் அவனுக்கும் ஒரு வேலை கேள். வெல்டிங்கில் தீப்பொறி பறக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை டீக்கடைக்காரரும் நானும் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். அவருக்குக் கை நடுங்குகிறது, அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து எவ்வளவு அழகு என்று உனக்குத் தெரியும். படித்து முடிக்கவே அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். எனக்கு உடம்பு முடியவில்லை என்று யார் வந்து சொன்னாலும் கிளம்பி வராதே. நானே கூப்பிட்டாலும் வராதே, கண்ணு.

அம்மா