லீவு கேட்ட நாள்

ரோகிணிக்கு,

ஆனையூரில் நீயும் அத்தையும் சுகமா? இங்கே நான் மட்டும்தான், சமைப்பதில்லை.

லிப்ட் கம்பெனி என்னை வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்த்துப் போட்ட மனு, இன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு வந்தது. ஒன்பது வருடம் அவர்கள் சட்டையைப் போட்டு உழைத்த என்னை, "இவரு காண்ட்ராக்டர்தான் சார். நெனச்சப்ப லீவு எடுத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

அவர் அனுப்பிய மெசேஜைக் காட்டினேன்: 'லீவு கிடையாது. வரலைன்னா வேலை இல்லை.'

"எதுக்கு லீவு கேட்டீங்க?" என்றார் அதிகாரி.

"மாமனார் இறந்துட்டாருங்கய்யா. மண்ணு போடக்கூடப் போகல. அப்படியிருந்தும் பின்னால நிறுத்திட்டாங்க."

அதை எழுதிக்கொண்டவர், கம்பெனி இறங்கி வராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்றார்.

"வேலைதான் பெருசா?" என்று நீ கேட்டுவிட்டுப் போனபோது, வேலை போய்விடுமென்று பயந்ததைச் சொல்ல வெட்கப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? மாமா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்