தாயாக நடிப்பவர்

ஜூலை 3, வியாழன்

இன்று ஒன்பது போன். ஸ்ரீமுஷ்ணத்தில் மூன்று நாள் நாடகம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மங்கலம்பேட்டைப் பள்ளி நாடகம் தள்ளிப்போயிருக்கிறது. தலைமை ஆசிரியரே சொன்னார். கருவேப்பிலங்குறிச்சியில் ஆடித் திருவிழாக் கூத்துக்கு நாள் குறித்தாயிற்று, யாருக்கு எந்த வேஷம் என்பதில் மட்டும் சண்டை. சண்டை தீரட்டும், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாகப் பாண்டியன். அவருடைய நாடக மன்றம் பழைய 'பூட்டிய வீட்டு விருந்து' நாடகத்தைத் தூசி தட்டி எடுக்கிறது. 12, 13 தேதிகள், மாலை ஆறு மணி, தொழிற்பேட்டை மன்ற மேடை.

"தாய் வேஷம் இந்தத் தடவை வெண்பா பண்றாங்கம்மா. போட்டுடுங்க."

"காசியம்மாள்?"

"அவங்க இல்லைங்க."

எழுதிக்கொண்டேன்: 'தாயாக, காசியம்மாளுக்குப் பதிலாக வெண்பா நடிக்கிறார்.'

'சனி ஞாயிறு மேடை' தொடங்கி அடுத்த மாதத்தோடு ஏழு வருஷம். வார இதழே நாலு பக்கம்தான், அதில் எனக்குக் கால் பக்கம். அந்தக் கால் பக்கத்தில் இதுவரை ஒரு பெயரோ, ஒரு மணியோ தப்பியதில்லை. சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை.

ஜூலை 4, வெள்ளி

இதழ் வந்தது. பிழை இல்லை. என் பெயரைத் தமிழ்செல்வன் வழக்கம்போல் எறும்பு அளவில் போட்டிருக்கிறார். இதழாசிரியர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள்போல.

ஜூலை 5, சனி

காய்கறிக் கடையில் ஆராயியைப் பார்த்தேன். காசியம்மாளோடு பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறவள். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையானா சாப்பாட்டு நேரத்துல உங்க பேப்பர நான்தாங்க காசியக்காவுக்குப் படிச்சிக் காட்டுவேன். அவங்களுக்கு எழுத்து தெரியாதுல்ல. நேத்தும் படிச்சேன். இன்னொரு தபா படின்னாங்க. படிச்சேன். சோத்த மூடி வெச்சிட்டாங்க."

"பாண்டியன் சொல்லவில்லையா அவளிடம்?"

"யாரும் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க."

நீங்கதான் சொன்னீங்க.

ஜூலை 6, ஞாயிறு

செய்தியில் தவறில்லை. பாண்டியன் மன்றத் தலைவர், அவர் சொன்னார், நான் எழுதினேன். உள்ளே வருகிறவளைப் பற்றிக் கேட்டேன். வெளியே போகிறவளைக் கேட்டேனா? அவளும் சம்பந்தப்பட்டவள்தானே? முப்பது வருஷமாக அந்த வேஷம் அவளுடையது.

தமிழ்செல்வனுக்குப் போன் செய்து ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். "தப்பே இல்லையே மேடம், எதைத் திருத்துறது?" என்றார்.

ஜூலை 7, திங்கள்

கம்பெனிக்குப் போனேன். நவராத்திரிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, அதற்குள் கொட்டகை முழுக்கப் பொம்மைகள். கடைசிப் பெஞ்சில் காசியம்மாள். அவள் முன்னால் நாற்பது ஐம்பது பீங்கான் பெண்கள், எல்லோரும் வெறும் முகத்தோடு. ஒருத்தியை எடுத்து மூக்கருகில் வைத்து, மெல்லிய தூரிகையால் கண் எழுதிக் கீழே வைத்தாள். நிமிரவில்லை.

"வாங்க ஆபீசம்மா. அடுத்து யார எடுத்துட்டாங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

அக்கம்பக்கம் சிரிப்பு. இருபத்தெட்டு வருஷம் இதே தொழிற்பேட்டை ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். என்னைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

அப்போது நான் கேட்டது — எழுதவே கூசுகிறது.

"செய்தி சரிதானே?" என்றேன்.

சரிதானேன்னு கேட்டேனே! என்னா வாய் இது. மன்னிப்புக் கேக்கப் போனவ கேக்கற கேள்வியா அது?

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "சரிதாம்மா. உங்க பேப்பர்ல என்னிக்குத் தப்பு வந்துச்சு? நான் மேடை ஏறுன நாளெல்லாம் அதுல சரியாத்தான் வந்துச்சு, என்னைத் தூக்கி எறிஞ்ச நாளும் சரியாத்தான் வந்துச்சு. போயிட்டு வாங்க, எனக்கு இன்னும் முப்பது ஜோடி கண்ணு பாக்கி."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பாண்டியனை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். காபியைத் தொடவில்லை.

"எப்படிம்மா மூஞ்சிக்கு நேரா சொல்றது? முப்பது வருஷமா அக்கா அக்கான்னு கூப்புட்டுட்டு... பேப்பர்ல வந்துட்டா அவங்களே புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவருக்குத் தைரியம் இல்லாத வேலையை என் கால் பக்கத்தை வைத்து முடித்திருக்கிறார்!

"ஏன் எடுத்தீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

"கண்ணுங்க. போன மாசம் ஸ்ரீமுஷ்ணத்துல நல்லா பேசிக்கிட்டே முன்னாடி வந்தாங்க. வந்துக்கிட்டே இருந்தாங்க. நான் பின்னாலேருந்து புடவையப் புடிச்சி இழுத்தேன். ஜனம் அது நாடகம்னு நெனச்சிக் கைதட்டுச்சு. கீழ ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. விழுந்திருந்தா?"

"கண் தெரியாதவள் எப்படிப் பொம்மைக்குக் கண் எழுதுகிறாள்?"

"அதத்தான் அவங்களும் கேப்பாங்க. அதனாலதான் நான் சொல்லல."

வியாழன் மாலைக்குள் காசியம்மாளிடம் நேரில் பேசாவிட்டால் இந்த வாரம் அவர் நாடகம் என் பகுதியில் வராது என்று சொன்னேன். மிரட்டல்தான். இருக்கட்டும். நாளை மூன்று பேரும் மன்றத்தில், மாலை நாலு மணி.

ஜூலை 9, புதன்

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். நாலுக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். கூடவே வெண்பா. போன் கடையில் வேலை செய்கிற, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். அவளை நான் வரச் சொல்லவில்லை.

பாண்டியன் ஒருவழியாகச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காசியம்மாள் கேட்டு முடித்ததும், "இத சொல்ல ஒனக்கு ஒரு பேப்பர் வேணும், அதுக்கு ஒரு ஆபீசம்மா வேணும். நீயெல்லாம் எப்படிடா ராஜா வேஷம் போட்ட?" என்றாள். பிறகு எழுந்து மேடையின் பின்கோடிக்குப் போய் நின்றாள். "பாரு. நான் நடக்கறேன்."

நடந்தாள். விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் சரியாக நின்றாள். திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"லைட்டைப் போட்டுப் பாருங்கள்" என்று சொன்னது நான்தான். அவள் ஜெயித்துவிட்டாள், அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியாது. அரைகுறையாகச் சரிபார்ப்பது எனக்கு வராது.

முன்னால் இருந்த இரண்டு ஃபோகஸ் லைட்டையும் போட்டார்கள். மறுபடி நடந்தாள். நாலாவது அடியில் வேகம் குறைந்தது. கை இரண்டும் தானாக முன்னால் நீண்டன. விளிம்பு வரவே இல்லை, அதற்குள் நின்றுவிட்டாள். ஐந்தாறு அடி மிச்சம்.

"எல்லாம் வெள்ளையா, பாலா இருக்குது" என்றாள். எங்களிடம் சொன்னதுபோல் இல்லை.

பாண்டியன் சொன்னது உண்மை. அதை நிரூபித்தவள் நான். பேப்பரில் ஒரு தடவை அவளை மேடையிலிருந்து இறக்கினேன், இன்று இரண்டாவது தடவை.

வெண்பாதான் மேடையில் ஏறி அவள் கையைப் பிடித்தாள். "பெரிம்மா, சனிக்கிழமை நான் பண்றேன். ஞாயித்துக்கிழமை நீங்க பண்ணுங்க. என்ன, விழுந்தா நான் தாங்கிக்கறேன்."

"நீ தாங்கற ஒடம்பா இது?" என்றாள் காசியம்மாள்.

பாண்டியன் முடியாது என்றார். விழுந்தால் யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்வி.

வீட்டுக்கு வந்து பின்வாசலில் இறங்கியபோது வழி தெரிந்தது. இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன், வேறெங்கும் எழுதியதில்லை. பின்வாசல் படியில் கதவுக்கு முன்னால் ஒரு தேங்காய்நார்க் கயிறு குறுக்கே அடித்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் மரவட்டை உள்ளே வராமலிருக்க என்று சொல்வேன். பெங்களூரிலிருக்கும் மகனிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். மரவட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாயங்காலத்தில் எனக்குப் படி தெரிவதில்லை. கயிறு காலில் பட்டால், அடுத்தது பள்ளம். இரண்டு வருஷமாக அப்படித்தான் இறங்குகிறேன்.

காசியம்மாளும் மேடையில் செருப்புப் போடுவதில்லை.

ஜூலை 10, வியாழன்

மேடை விளிம்புக்கு முன்னால் குறுக்கே ஒரு கயிறு அடிக்கலாம் என்று பாண்டியனிடம் சொன்னேன். யோசித்தார். ஒத்திகையில் ஒரு தடவை தவறினாலும் கிடையாது என்றார். ஒப்புக்கொண்டேன். பிறகு காசியம்மாளுக்கு நானே போன் செய்து கேட்டேன், எழுதட்டுமா என்று. "கேட்டா எழுதறீங்க இப்ப?" என்றாள். கேட்டுத்தான் எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க."

இன்று அனுப்பிய வரி: 'தாயாக சனிக்கிழமை வெண்பா, நிறைவு நாளான ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் நடிக்கிறார்கள்.'

ஜூலை 11, வெள்ளி

மன்றத்தில் கயிறு அடிக்கும் வேலை. பாண்டியன் ஆரம்பித்தார். ஒரு பக்கம் விளிம்பிலிருந்து இரண்டு ஜாண், மறுபக்கம் ஒன்றரை. அவள் காலுக்கு இரண்டு ஜாண் என்றால் இந்தக் கோடியிலும் இரண்டு ஜாண், அந்தக் கோடியிலும் இரண்டு ஜாண். சுத்தியலை வாங்கிக்கொண்டு நானே முழங்கால் போட்டேன்.

கடலூர் கான்வென்ட்டில் பதினொரு வருஷம். தப்புச் செய்தவர்களைச் சுவரைப் பார்த்து முழங்கால் போட வைப்பார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் போட்டதில்லை. அது எனக்குப் பெரிய பெருமை. என் கணவர் இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்.

மேடை நீளம் இருபத்து நாலு அடி. அடிக்கு ஓர் ஆணி. பாதியில் முட்டி மரத்துப்போயிற்று. பாண்டியன் இரண்டு தடவை, "குடுங்கம்மா" என்றார். கொடுக்கவில்லை. கடைசி ஆணியின்போது மேலே நிழல் விழுந்தது. காசியம்மாள்.

"விழுந்து கும்புட்டது போதும் ஆபீசம்மா. எழுந்திரிங்க."

"நான் கும்பிடவில்லை. ஆணி அடிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கையக் குடுங்க."

தூக்கிவிட்டாள். அவள் விரலெல்லாம் கறுப்புச் சாயம். என் வெள்ளை ரவிக்கைக் கையில் அப்படியே பதிந்துவிட்டது. கயிற்று யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சொன்னேன். மரவட்டையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடம் சொல்லவேண்டியதை அப்போது சொன்னேன். ஒரு வார்த்தைதான். அவள், "சரி சரி" என்றாள்.

ஒத்திகையில் ஆறு தடவை நடந்தாள், லைட்டு எரியும்போதே. ஆறு தடவையும் கயிற்றில் கால் பட்டு நின்றாள். பாண்டியன் எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 12, சனி

முதல் நாள். வெண்பா நன்றாகச் செய்தாள். கொஞ்சம் அதிகமாக அழுதாள். கூட்டம் முக்கால்வாசி. காசியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் காட்சியில் வெண்பா ஒரு வரியை விட்டபோது, சத்தமாகவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

நிறைவு நாள். மூன்றாம் காட்சி. தாய் சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பிள்ளைகளை நோக்கி முன்னால் வர வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் தப்பிய இடம் அதுதான். வந்தாள். கண்ணை எங்கள் எல்லோருக்கும் மேலே எங்கோ வைத்துக்கொண்டு, வேகமாக, ஒத்திகையில் வந்ததைவிட வேகமாக வந்தாள். பக்கத் திரைக்குள் பாண்டியன் ஒரு கால் மேடையில் வைத்துவிட்டார். நான் ஆணிகளை எண்ணினேன். எத்தனை எண்ணினேனோ.

பாதம் கயிற்றில் பட்டது. நின்றாள். அந்த நிற்பிலேயே, "இந்த வீட்டில் எனக்குத் தெரியாத கதவு இல்லை" என்றாள்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. நான் தட்டவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்திருந்தேன், பிரிக்க வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

முட்டி வலி. தைலம். யார் கேட்டாலும் ஈரக்காற்று என்று சொல்வதாக இருந்தேன். ஆராயி கேட்டாள். ஆணி அடித்தேன் என்று சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். கருவேப்பிலங்குறிச்சிச் சண்டை தீர்ந்தது. ஆறு பெயர்கள், ஆறு பேரிடமும் பேசியாயிற்று. வேஷம் கிடைக்காத இருவரிடமும் பேசினேன். ஒருவர் திட்டினார்.

நான் பாண்டியனை அழைப்பதற்கு முன்பே போன் வந்தது. காசியம்மாள். அவளாக என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"எழுதிக்கறீங்களா?"

"சொல்லு."

"வர்ற 26, 27, மங்கலம்பேட்டையில நம்ம நாடகம். தாய் வேஷம் வெண்பா. ரெண்டு நாளும்."

பேனா நின்றுவிட்டது. "பாண்டியன் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. நான் சொல்றேன். பாண்டிச்சேரியில கண்ணு ஆபரேஷன், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஒரு மாசம் லைட்டு முன்னாடி நிக்கக் கூடாதாம். கம்பெனியில சொல்லிட்டேன். கடைசி ஆளா உங்ககிட்ட சொல்றேன்."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்: 'தாயாக, காசியம்மாளுக்குப் பதிலாக வெண்பா நடிக்கிறார்.' இரண்டு வாரம் முன்பு எழுதிய அதே வரி, ஒரு எழுத்து மாறாமல்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"ம். சரியா இருக்குது. ஆராயி நாளைக்குப் படிக்கும்போது நான் சோறு சாப்பிடுவேன்." பிறகு, வைக்கப் போனவள், "திங்கக்கிழமை காலையில ஆறரை பஸ்ஸு. படி தெரியாத உங்க கண்ணையும் ஒரு தடவை காட்டிடலாம்ல?"

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, மரவட்டைதான் என்று வாய்வரை வந்தது.

ஆறேகாலுக்கே பஸ் நிறுத்தத்தில் இருப்பேன் என்றேன்.