முதல் பெட்டியிலேயே கெட்ட சத்தம்

நீ போன பிறகு இன்றுதான் உன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சூடேறியதும் அதே கருகிய தூசி வாசனை வீடு முழுக்க. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

உன் ரெக்கார்டுகளை வாங்கிக்கொள்ள செங்கல்பட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். போட்டுப் பார்க்கத் தன் பிளேயரையும் கொண்டுவந்தார். அதை, முள்ளின் சின்னச் சத்தத்தை முதலில் ஏற்றித் தருமே, உன் அந்தச் சின்னப் பெட்டியில் மாட்டி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் கொடுத்தார். பாட்டு கரகரவென்று இரைந்தது. ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் குறைத்தும் கரகரப்பு போகவில்லை.

"ரெக்கார்டெல்லாம் தேஞ்சுபோச்சும்மா. உங்க வீட்டுக்காரர் பாழாக்கி வெச்சிருக்காரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து உறையில் போட்டு வைத்தவள் நான்.

"உங்க பிளேயருக்குள்ளயே சின்ன ஆம்ப் ஒண்ணு கீதா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா."

புரியாதாம்! மானாம்பதி சர்ச் திருவிழாவுக்கு மைக்செட் கட்டியபோது இதையேதானே நீயும் சொன்னாய்? அன்றும் இப்படித்தான் இரைந்தது. நீ பெரிய ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே இருந்தாய். "ரெக்கார்டு முள்ளுலருந்து வர்றது துளி சத்தம். அத்த முதப் பொட்டியிலயே அளவுக்கு மேல ஏத்திக்கினு கீற. அங்க கெட்டத இங்க கொறச்சா சரியாவுமா? முதப் பொட்டியில கொறய்யா" என்றேன்.

"பொம்பளைக்கு இன்னா தெரியும்? போய் சோத்தப் பாரு" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கத்தினாய். நான் நகர்ந்ததும் முதல் பெட்டியைத் திருகினாய். பாட்டு தெளிந்தது. ஃபாதர் உனக்குச் சால்வை போட்டார், நீயும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். அதன்பிறகு உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் உன்னைத்தான் தேடி வந்தார்கள். கரெக்டா சொன்னடி என்று, யாரும் இல்லாத இடத்திலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை.

இன்று நானே உன் சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அவருடைய பிளேயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். பிளேயருக்குள்ளேயே சத்தம் ஏறிவிடுகிறது; ஒரே வேலையை எதற்கு இரண்டு தரம் செய்ய வேண்டும்? பாட்டு சுத்தமாக வந்தது. அவர் கழற்றிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா நல்லா கத்துக்குடுத்திருக்காரு" என்றார் கடைசியில்.

"இல்ல. அவருக்கே நான்தான் சொன்னேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த உன் தங்கச்சி முகம் சுளித்தாள். செத்தவரைப் போய்க் குறை சொல்கிறாளே என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். உன்மேல் எனக்கு ஆசை குறைந்துவிடவில்லை. ஆனால் எங்கே பாட்டு கரகரத்தாலும் எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்கிற காது என்னுடையது. நீ இருக்கும்போது அதை ஒரு தரம் சொல்லியிருந்தால், நீ போன பிறகு நான் சொல்ல வேண்டி வந்திருக்காது.